பக்கத்து இருக்கை

ஜெயராணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடியது, எழுந்தால் கை புடவைத் தலைப்பைத் திருகியது. போர்ட் பிளேயர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தலைக்கு மேலே ஃபேன் சுற்றியும் கழுத்து வியர்த்தது.

எல்.எல்.ஆர். தேர்வு. பதினைந்து கேள்வியில் ஒன்பது தேற வேண்டும். தேறாவிட்டால் இன்னும் ஒரு வாரம் ஊரில், சிப்பிகாட் கிராமத்தில், வண்டி சும்மா நிற்கும். கீரையும் வாழைத்தாரும் சந்தைக்குப் போகாமல் வீணாகும். அது முன்னால் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்னச் சரக்கு வண்டி. அதை ஓட்டிய புருஷன் பொன்னுத்துரைக்குச் சர்க்கரை நோய் கண்ணைத் தின்றுவிட்டது. லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனவரைக் கண் டாக்டர் திருப்பி அனுப்பி மூன்று மாதமாகிறது. மனிதர் இப்போது எதிரே வரும் எருமைக்கும் வணக்கம் வைக்கிறார்.

இந்தத் தேர்வுக்கு அவர்தான் வாத்தியார். ஒரு மாதமாகச் சோற்றுத் தட்டில் அப்பளத்தை லாரியாக்கிப் பாடம் எடுத்தார். "நான் பக்கத்துல இருக்கேன் புள்ள, எதுக்குப் பயப்படுற?" என்று ஒவ்வொரு பாடத்தையும் முடித்தார்.

"ஜெயராணி! ஜல்தி ஆவோ," என்று கிளார்க் கூப்பிட்டார்.

கம்ப்யூட்டர் திரையில் கேள்விகள் இந்தியில் வந்தன. இந்தி பேசுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாசிப்பதுதான் எழுத்துக் கூட்டி. கேள்விக்கு அரை நிமிடம்கூட இல்லை.

முன்னால் போகிறவர் வழிவிட்டால்? 'முந்தாமல் பின்னாலேயே போவேன்' என்று தட்டினாள். தவறு. வண்டி பழுதாகி நின்றால்? 'இறங்காமல் இருப்பேன்.' அதுவும் தவறு. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொன்னுத்துரை இருபது வருடம் லாரி ஓட்டியது திக்லிபூர் பாதையில். ஜிர்காடாங் செக்போஸ்ட் தாண்டினால் பழங்குடிகள் வாழும் காட்டுக்குள் வண்டிகள் போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் போகும். முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. உலகத்துச் சாலையெல்லாம் அந்தக் காடுதான் என்று நினைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பாவி மனுஷா என்று மனதுக்குள் திட்டினாள்.

பதினான்கு முடிந்தபோது எட்டு சரி, ஆறு தவறு. கடைசிக் கேள்வி வந்தது. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டும்போது பக்கத்தில் யார் இருக்க வேண்டும்? யாரும் வேண்டாம். வண்டி ஓட்டத் தெரிந்தவர். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ளவர்.

இரண்டாவது பதிலின் மேல் அவள் விரல் நின்றது. அது அவர். நொடிகள் ஓடின. மூன்றாவதைத் தட்டினாள். பாஸ் என்று வந்தது. சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

வாசலில் பொன்னுத்துரை கையில் சிவப்புப் பெயிண்டில் தானே கோணலாக எழுதிய எல் போர்டுடன் நின்றார்.

"பாஸாச்சா?"

"ஆச்சுங்க. ஆனா நீங்க பக்கத்துல..."

"தெரியும் புள்ள. லைசென்ஸ் உள்ளவன்தான் உக்காரணும். பக்கத்து வீட்டுச் சண்முகம் தினம் வர்றேன்னுட்டான். நான் பின்னாடி வாழைத்தாரோட ஏறிக்கிறேன். டீக் ஹே?"

ஏழாவது கேள்வி அவள் ஞாபகத்துக்கு வந்தது. அதைத் தயங்காமல் சரியாகத் தட்டியிருந்தாள்.

"சரக்கு ஏத்துற எடத்துல ஆளு ஏறக் கூடாதுங்க."

"அதையும் கேட்டானா?"

"கேட்டான்."

பொன்னுத்துரை எல் போர்டை அவளிடம் கொடுத்தார். சிப்பிகாட் பஸ் திரும்பி வந்து நின்றது.

"வா. இன்னைக்காவது பக்கத்துல உக்காந்து போவோம்."