மேசைவிரிப்புக்குக் கீழே

...ஓடாது, எப்படி ஓடும், இந்தக் காலத்தில் கேபிள் இணைப்பை விடாமல் வைத்திருப்பது யார், சலூன்காரர்களும் படுக்கையில் கிடக்கும் பெரியவர்களும்தானே, அவர்களும்கூட கையில் போனை வைத்துக்கொண்டுதான் டிவி பார்க்கிறார்கள், இதில் இருபது வருடத்துக்கு முந்தைய போட்டி நிகழ்ச்சிகளை மட்டும் நாள் முழுக்கப் போட ஒரு சேனலாம், என்று நோயல் முணுமுணுத்தபடி டேப்பை இயந்திரத்துக்குள் தள்ளினான். சாந்தோமில், ஃபேன்சி ஸ்டோருக்கு மேலே, உப்புக்காற்றில் துருவேறிய ஜன்னல் கம்பிகளோடு இருக்கும் இந்த அறைதான் ஜாஸ்பரின் கேபிள் ஆபீஸ். பள்ளிக்கூடத்திலிருந்து ஜாஸ்பரைத் தெரியும், அப்போதும் இப்படித்தான், ஊரே விட்டுப்போன ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இழுத்து மூடிய ஒரு தயாரிப்புக் கம்பெனியிலிருந்து இந்த டேப்புகளை உரிமையோடு வாங்கிவந்து சுவரோரம் அடுக்கியிருக்கிறான். “பழசுக்குத்தான் மச்சி இப்போ மவுசு கீது. சீரியல்ல அழுதுகினே இருந்தா ஜனம் எவ்ளோ நாள் பாக்கும்? இதுல பாரு, சிரிக்கிறாங்க, குக்கர் வாங்கிகினு போறாங்க, பாக்கிறவனுக்கு மனசு லேசாவுது” என்றான். மனசு லேசாகிறதாம். அந்தக் காலத்தில் ஒரே நாளில் ஒரு வாரத்துக்கான நிகழ்ச்சியை எடுத்துவிடுவார்கள், கைதட்ட வந்த பெண்கள் மாற்றுப்புடவை கொண்டுவந்து சாப்பாட்டு வேளையில் மாற்றிக்கொண்டு வேறு நாற்காலியில் உட்காருவார்கள், வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை, அடுத்தடுத்துப் போட்டால் அதே மூக்குத்தி அம்மா பச்சையிலும் நீலத்திலும் மஞ்சளிலும் வந்து நிற்பாள். சொன்னதற்கு ஜாஸ்பர் சிரித்தான். “அதையே போட்டியா வெச்சிடலாம். அம்மாவைக் கண்டுபுடி, டிபன்பாக்ஸ் ஜெயி.”

டேப் ஓடத் தொடங்கியது. இதைக் கணினியில் ஏற்ற வேண்டுமென்றால் ஓடுகிற நேரம் முழுக்கக் காத்திருக்கத்தான் வேண்டும், தாண்டிப்போக வழியில்லை, அதுதான் இந்த வேலையில் கஷ்டம், அதுவும் இந்த டேப்பில். திரையில் நோயல் வருகிறான், மீசை அடர்த்தியாக, கடன் வாங்கிய கோட்டில், பக்கத்தில் ஐவி, மெரூன் பட்டில், கல்யாணமாகி இரண்டாவது வருடமோ என்னவோ. கணவனுக்கு மனைவியை எவ்வளவு தெரியும் என்கிற போட்டி. அவனுக்கு என்ன தெரியும்? ஒரு சேனலில் இரவு ஷிப்ட், அவன் வீட்டுக்குள் நுழையும்போது அவள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பாள், வாசற்படியில் சாவியைக் கைமாற்றிக்கொண்டதுதான் குடும்பம். அதனால் ஒத்திகை பார்த்தார்கள். எதைக் கேட்டால் எதைச் சொல்வது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள், பிடித்த இனிப்பு பாதுஷா, பிடித்த நிறம் மெரூன், பயம் என்றால் பல்லி, எல்லாம் அவன் சொன்னது, அவனுக்கு மறக்காத பதில்களாகப் பார்த்துச் சொன்னது, அவள் சரி சரி என்று தலையாட்டினாள். ஜெயித்தார்கள். கிரைண்டரை ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அதற்கப்புறம்தான் அந்த மடத்தனம்... அது ஒத்திகை என்பதே அவனுக்கு மறந்துபோய்விட்டது. அவள் பிறந்தநாள் தவறாமல் தி.நகரில் இறங்கி பாதுஷா வாங்கினான், கிறிஸ்துமஸுக்கு மெரூன் புடவை வாங்கினான், அவளும் தின்றாள், கட்டினாள். அவளுக்கு இனிப்பே ஆகாது என்று அவளுடைய அக்கா சோஃபியா சொல்லித்தான் தெரிந்தது, அதுவும் ஐவி அடையாறில் அந்த அக்கா வீட்டுக்கே போய்விட்ட பிறகு.

சண்டை போட்டுவிட்டுப் போகவில்லை. போட்டிருந்தால் எதற்கென்றாவது தெரிந்திருக்கும். ஒரு விடிகாலையில் அவன் ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு, வேலையே வேண்டாமென்று இறங்கி வந்தான், அதன்பிறகு எந்த வேலையிலும் ஒட்டவில்லை, பகலெல்லாம் வீட்டில் கிடந்தான், அப்போதுதான் இரண்டு பேருக்கும் பேச எதுவுமே இல்லை என்று தெரிந்தது. அக்கா தனியாக இருக்கிறாள், கொஞ்சநாள் போய் இருக்கிறேன் என்றாள். கொஞ்சநாள் வருடங்களாகிவிட்டது. இன்னமும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு சாந்தோமுக்குத்தான் வருகிறாள், பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்காருகிறாள், அவன் கடைசித் தூணோரம் நின்று அவளுடைய முக்காட்டைப் பார்த்துவிட்டு, பூசை முடியும் முன்பே வெளியே போய்விடுகிறான். முதல் நிகழ்ச்சியாக இந்த ஜோடியைத்தான் போடவேண்டும் என்று ஜாஸ்பர் ஒற்றைக்காலில் நிற்கிறான், அன்றைக்கும் இன்றைக்கும் என்று இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்து அதே கேள்விகளைக் கேட்கவேண்டுமாம். “அண்ணியாண்ட நீ கேளு. அவங்க வந்தா என் சேனலும் நிக்கும், உன் வூடும் நிக்கும்.” சேனல் எப்படிப் போனால் என்ன, அவள் வந்து உட்கார்ந்தால், ஒரு மணிநேரம் உட்கார்ந்தால், அப்படியே எழுந்து வீட்டுக்கு வந்துவிட மாட்டாளா... இந்த நினைப்பு வந்ததிலிருந்து சேனல் ஓடாது என்று உரக்கச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அவனுக்கு ஒரு பிடி இருந்தது. கடைசிக் கேள்வி. அது ஒத்திகையில் இல்லாத கேள்வி. விரிப்பு தொங்கும் மேசைக்கு அடியில் சில பொருள்களை வைத்திருப்பார்கள், குடை, கைக்கடிகாரம், சலங்கை, பயணப் பை, ரயில் டிக்கெட், தனக்கென்று ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் எது என்று மனைவி உள்ளே கைவிட்டு எடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், கணவன் சொன்னபிறகு வெளியே தூக்கிக் காட்டவேண்டும். கைக்கடிகாரம் என்றான். அவள் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினாள். அதை மட்டும் நான் சரியாகச் சொன்னேனே, ஒத்திகை இல்லாமல், என் மனசிலிருந்து, என்று எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான். திரையில் அந்த இடம் வந்தது. அப்போது அவன் தொகுப்பாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், இப்போது ஐவியைப் பார்த்தான். அவன் வாயைத் திறக்கும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது, முழங்கை மேலே வரத் தொடங்கிவிட்டது, விரிப்பின் ஓரம்கூட லேசாகத் தூக்கிக்கொண்டது... கைக்கடிகாரம் என்றான் திரை நோயல். முழங்கை நின்றது. மறுபடி கீழே இறங்கியது. தோள் ஒருபக்கமாகச் சாய்ந்து எதையோ துழாவியது. பிறகு கை வெளியே வந்தது, கைக்கடிகாரத்தோடு, சிரிப்போடு. பின்னால் ஓட்டித் திரும்பப் பார்த்தான், திரும்பவும் பார்த்தான். சலங்கையாக இருந்தால் கீழே வைக்கும்போது சத்தம் கேட்டிருக்குமே என்று ஒலியைக் கூட்டினான், கைதட்டல்தான் காதை அடைத்தது. அவளுக்கு ஆடத் தெரியுமா? ரயிலில் எங்கே போக நினைத்தாள்? தெரியாது. கடிகாரமாக வாங்கித் தள்ளினானே, பழுதாகப் பழுதாக அடுத்தது, தோல் வார், உலோக வார்...

“இன்னாடா, பேய் அறைஞ்சா மாதிரி குந்திகினு கீறே? அண்ணிக்கு போன் போட்டியா இல்லியா?” என்று உள்ளே வந்தான் ஜாஸ்பர். போட்டான். ஐவி உடனே எடுத்தாள், பின்னால் பிரஷர் குக்கர் விசில் கேட்டது. விஷயத்தைச் சொன்னான். “அதையா போடப் போறாங்க?” என்று சிரித்தாள். “நல்லா குண்டா இருப்பேனே அதுல. யாருங்க பாப்பாங்க?” அவளும் அதையேதான் சொல்கிறாள் என்பதில் அவனுக்கு ஒரு அற்ப சந்தோஷம். நீயும் வரவேண்டும், பக்கத்தில் உட்காரவேண்டும் என்றான். “என்ன கேப்பாங்க?” அதே கேள்விகள்தான். “அதே பதில்தானே? ஞாபகம் இருக்கு” என்றாள், சாதாரணமாக, பால் வாங்கியாயிற்று என்பதுபோல. அதில் குத்தல் இருந்ததா? இருந்திருந்தால் நன்றாக இருக்கும். பேச்சோடு பேச்சாக, அன்றைக்கு முதலில் எதை எடுத்தாய் என்று கேட்டான். “எதைங்க?” மேசைக்கடியில், கைக்கடிகாரத்துக்கு முன்னால். மறுமுனையில் குக்கர் அடங்கும் சத்தம் மட்டும் கேட்டது. “கைக்கடிகாரந்தானேங்க எடுத்தேன்” என்றாள்.

விட்டுவிடலாம், வா என்றால் வந்துவிடுவாள், அவள் எதற்குத்தான் மாட்டேன் என்றிருக்கிறாள். ஜாஸ்பர் எதிரே நின்று என்னாச்சு என்று கையை ஆட்டினான். நோயல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “உனக்கு வரணும்னு இருக்கா ஐவி?” என்று கேட்டான். கேட்டபிறகுதான் உறைத்தது, உனக்கு என்ன வேண்டும் என்கிற மாதிரி ஒரு கேள்வியை அவளிடம் அந்தத் தொகுப்பாளர் கேட்டிருக்கிறார், தான் கேட்டதில்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றாள் ஐவி. “வரணும்னு இருக்கும்னா, இருக்காதுன்னா?”

எதைச் சொன்னாலும் அதையே தூக்கிக் காட்டிவிடுவாள். அவன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.