ராசிக்காரி

என் அண்ணி வேலை செய்வதைப் பார்த்தால் மற்றவர்களுக்கு மலைப்பு வரும். எனக்கு எரிச்சல்தான் வரும். நானும் அதே பேக்கரியில்தான் இருக்கிறேன், முன்பக்கம் நின்று ரொட்டி எடுத்துக் கொடுக்கிற வேலை. நேரமானால் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவள் கிளம்பமாட்டாள். முறைக்குத்தான் அண்ணி, வயதில் என்னைவிடச் சின்னவள். தரை துடைக்க வந்தவள், பார்த்துப் பார்த்தே மாவு பிசையக் கற்றுக்கொண்டாள். அடுப்பின் இடது மூலை மட்டும் கூடுதலாகச் சுடும் என்று கண்டுபிடித்து, தட்டுகளைப் பாதி வேக்காட்டில் இடம் மாற்றி வைக்கத் தொடங்கியதும் அவள்தான். முழங்கைவரை சூட்டுத் தழும்பு. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்கும் வந்ததில்லை. அண்ணன் கேட்டால், "இன்னும் கொஞ்ச நாள்தாங்க" என்பாள்.

அவளுக்கு மாஸ்டர் ஆகவேண்டும். பேக்கரியில் அடுப்பறையை ஆளுகிறவருக்குத்தான் அந்தப் பெயர். பழைய மாஸ்டர் சண்டை போட்டுக்கொண்டு போன பிறகு அவர் வேலை முழுவதையும் இவள்தான் செய்தாள். பெயரை மட்டும் யாரும் தரவில்லை. முதலாளி அவளுக்கு வேறொரு பெயர் வைத்திருந்தார்.

"ராசிக்காரி!"

ரொட்டி பூப்போல வந்தால், "கைராசி!" என்பார். கூட்டம் அலைமோதினால், "எல்லாம் நம்ம ராசிக்காரி கை பட்டதுதான்" என்பார். புதிதாக மெஷின் வாங்கினால் முதல் சுவிட்சை அவள் போடவேண்டும். தன் மகளின் கல்லூரி விண்ணப்பத்தைக்கூட அவள் கையால்தான் தபால்பெட்டியில் போட வைத்தார். அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்ததற்கும் அண்ணியின் கைதான் காரணமாம், படித்த பிள்ளை பாவம். அண்ணி ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் அந்தச் சொல்லைக் கேட்டாலே தாடையை இறுக்க ஆரம்பித்தாள்.

ஊரின் மறுகோடியில் இரண்டாவது கடை திறக்கப்போவதாக முதலாளி சொன்னதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை. புதுக்கடைக்கு ஒரு மாஸ்டர் வேண்டுமே! "இந்தத் தடவை எனக்குத்தான்" என்று என்னிடம் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேறு யார் இருக்கிறார்கள்?

முதலாளியின் மச்சினன் இருந்தான். எப்போதும் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு ப்ளக் தேடி அலைகிறவன் என்பதால் அவனுக்குச் சார்ஜர் என்று நான்தான் பெயர் வைத்தேன். கெட்டவன் இல்லை. வேலைதான் வராது.

அன்று மத்தியானம் முதலாளி அடுப்பறைக்குள் வந்து, ஏதோ நல்ல சேதி சொல்கிற முகத்தோடு அதைச் சொன்னார். புதுக்கடைக்குச் சார்ஜர்தான் மாஸ்டர். திறப்பு நாளில் முதல் தட்டை மட்டும் அண்ணி வந்து அடுப்பில் வைக்கவேண்டும். நான் காலித் தட்டு எடுக்கப் போனவள், அப்படியே நின்றுவிட்டேன்.

"அங்க நான் மாஸ்டரா போறேன் முதலாளி," என்றாள் அண்ணி. குரல் கெஞ்சவில்லை.

"அது எப்படிம்மா? உன் ராசி இந்தக் கடையோட ஒட்டிக்கிட்டிருக்கு. எடம் மாத்தினா ராசியும் மாறிடும். நீ எங்கயும் போகக்கூடாது."

"ராசி இல்ல முதலாளி. நான் செய்யறது வேலை."

"பாரு, பெருமையே இல்ல பொண்ணுக்கு!" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வாசலும் ஒன்றுதான். அண்ணி அந்த வாசலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாயங்கால ரொட்டியை அடுப்பில் ஏற்றினாள். நான் முன்பக்கம் போய்விட்டேன்.

வாசனை முதலில் எனக்குத்தான் வந்தது. ரொட்டி சிவக்கிற வாசனை இல்லை, அதைத் தாண்டியது. உள்ளே ஓடினேன். அண்ணி இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு அடுப்புக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். முகமெல்லாம் கண்ணீர்.

"கருகுது, எடு அண்ணி!"

"எடுக்க மாட்டேன். ஒரு தடவை கருகட்டும். அப்பவாச்சும் இது என் வேலைன்னு அந்த மனுஷனுக்குப் புரியட்டும்."

நான் கதவில் கை வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையை அடிக்கிறவள்கூட அப்படி அழமாட்டாள்.

புகையைப் பார்த்து முதலாளி ஓடிவந்தார், பின்னாலேயே சார்ஜர். தட்டுகளை வெளியே இழுத்தபோது எல்லாம் கரி.

"நான்தான் கருக்கினேன். வேணும்னே," என்றாள் அண்ணி.

முதலாளி கரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது.

"கண்ணு பட்டுடுச்சு," என்றார். "புதுக்கடைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"யார் கண்ணும் இல்ல! நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன். நல்லா வந்தாலும் நான், கருகினாலும் நான். திட்டுங்க முதலாளி. வேலைய விட்டு அனுப்புங்க."

"வேணும்னே கருக்கறதெல்லாம் உன்னால முடியாதும்மா," என்றார் அவர், காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோல. "ராசிய யாராவது வெளிய அனுப்புவாங்களா? போய் உக்காரு. டேய், அடுத்த மாவை நீ போடு."

அண்ணி மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. ரொட்டிக்கு வந்தவர்கள் முன்பக்கம் காத்திருந்தார்கள். சார்ஜர் மாவைக் கொட்டி, எப்போதும் ஊற்றுகிற அளவுக்குத் தண்ணீரைத் தூக்கினான். அண்ணி உதட்டைக் கடித்தாள். தரையைப் பார்த்தாள். பேசாதே, பேசாதே என்று நான் மனதுக்குள் கத்தினேன்.

"தம்பி, மழை பெய்யுது. மாவு ஏற்கெனவே ஈரமா இருக்கும். தண்ணியக் கொற."

குறைத்தான். அப்புறம் எவ்வளவு நேரம் பிசைய, எப்போது உருட்ட, எந்தத் தட்டை எங்கே வைக்க என்று எல்லாம் அந்த மூட்டை மேலிருந்தே வந்தது. ரொட்டி அருமையாக வந்தது. முதலாளி ஒன்றைப் பிய்த்துப் பார்த்துவிட்டு மச்சினன் முதுகில் தட்டினார்.

"பாத்தியா! ஒழைச்சான், வந்துடுச்சு. சும்மாவா மாஸ்டர் ஆக்கினேன்?"

அவர் போனதும் அண்ணி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அவனுக்குக் கருகினாகூட அவன் பேர்லதான் கருகும், இல்ல?" "நாளையிலிருந்து வராதே அண்ணி, வேற எடம் பாத்துக்கலாம்," என்றேன். தலையை ஆட்டினாள். உண்மையிலேயே வரமாட்டாள் என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இருவரும் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டோம்.

சார்ஜர் பின்னாலேயே வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, புதுக்கடையில எதாவது சந்தேகம்னா உங்களுக்கு போன் பண்ணட்டுமா?"

முடியாது என்று சொல்லவேண்டியதுதானே. அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பண்ணு," என்றாள் அண்ணி. "ஆனா மாவு பிசையறதுக்கு முன்னாடியே பண்ணு."