ரெண்டு இஞ்ச் உள்மடிப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் உள்ளத்தில் ஊறவில்லை, போனில் வந்தது. வாரப் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். “வளர்ச்சிச் சிறப்பிதழ் போடறோம். செவ்வாய்க்குள்ள ஒரு கதை வேணும். ரெண்டே பக்கம். வளர்த்துடாதீங்க.”

உடனே உட்கார்ந்து எழுதினேன்: “விதைக்குள் உறங்கும் விருட்சத்தைப் போல...”

(அடித்துவிட்டேன். அந்த விதை விழித்து மரமாவதற்குள் செவ்வாய் போய்விடும்.)

“தோளுக்கு மேல் வளர்ந்த மகனை அவள் அண்ணாந்து...”

(இதுவும் வேண்டாம். சிறப்பிதழில் மற்ற ஏழு பேரும் இதைத்தான் எழுதிக்கொண்டிருப்பார்கள்.)

2

அகராதியை எடுத்தேன். வளர்வதற்கு நம்மிடம் ஆளுக்கொரு சொல் இருக்கிறது. புல் வளரும். பயிர் விளையும். காய் முதிரும். கூட்டம் பெருகும். அடி வாங்கிய கன்னம் வீங்கும்.

சரி, பதினோரு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாற்பத்தேழு வயது குமாஸ்தாவுக்கு எந்தச் சொல்? அலுவலகம் ‘உயர்வு’ என்கிறது. கொடுக்கத்தான் மாட்டேன் என்கிறது. மனைவி ‘தொப்பை’ என்கிறாள். அது கேட்காமலே கிடைத்தது.

கதாநாயகன் கிடைத்துவிட்டார். நான்கு முறை பதவி உயர்வு நேர்காணலுக்குப் போய்த் திரும்பியவர். இன்று பதினொரு மணிக்கு ஐந்தாவது. இதுவே கடைசி, விதிப்படி ஆறாவது கிடையாது.

3

காலை ஒன்பதரை. படுக்கையறைக் கண்ணாடி முன்னால் குமாஸ்தா புது பேண்ட்டோடு நிற்கிறார். பேண்ட்டுக்குள் இன்னொரு குமாஸ்தாவுக்கும் இடம் இருக்கிறது. தைத்துக் கொண்டுவந்தவர் மனைவியின் அண்ணன். முப்பது வருடமாகப் பள்ளிச் சீருடை மட்டுமே தைத்த தையல்காரர்.

“என்ன மச்சான் இது? ஆளை அளந்தீங்களா, பீரோவை அளந்தீங்களா?”

“அளவெல்லாம் சரிதான் மாப்ளே. வளர்றதுக்கு விட்டிருக்கேன். இடுப்புல ரெண்டு இஞ்ச் லூஸ், கால்ல ரெண்டு இஞ்ச் உள்மடிப்பு.”

“எனக்கு வயசு நாப்பத்தேழு!”

“கைப்பழக்கம் மாப்ளே. துணியில கத்திரி வச்சா கை தானா விட்டுடுது.”

“பெல்ட் போட்டு இறுக்கலாம்னா, லூப் எங்கே?”

“மூணாம் வகுப்பு வரைக்கும் லூப் வைக்கிறதில்லே.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். முதுகு குலுங்கியது.

“அளவுக்குக் கொடுத்தேனே, என் பழைய பேண்ட். அதையாவது குடுங்க.”

“அதைப் பிரிச்சுப் போட்டுத்தானே இதை வெட்டினேன்!”

வீட்டில் இன்னொரு பேண்ட் உண்டு. ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கும்போது போட்டது. ஜன்னலைவிட அதில்தான் பெயின்ட் அதிகம். புதுசைப் பிரித்துத் தைக்க நேரமில்லை. கடைசியில் மனைவிதான் ஓர் ஊக்கை எடுத்து இடுப்பைச் சுருக்கிக் குத்தினாள்.

“மூச்சை மட்டும் வேகமா விட்டுடாதீங்க.”

“ஏண்ணே, சிலேட்டு வைக்கவும் ஒரு பாக்கெட் வச்சிருக்கலாமில்ல?” என்றாள் அண்ணனிடம்.

4

(இங்கே நிறுத்தினேன். தையல்காரர்மேல் சந்தேகம். இப்படியும் ஒருவர் இருப்பாரா? உறவுக்காரரை இவ்வளவு மடையராக்கலாமா? தூக்கிவிட்டு ரெடிமேட் கடை வைத்துப் பார்த்தேன். பேண்ட் கச்சிதமாகப் பொருந்தியது, கதை செத்தது. மறுபடி கூப்பிட்டேன். மனிதர் கோபமே படாமல், கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்து நின்றார். போதாததற்கு வாசல்வரை போய் மாப்பிள்ளையிடம் ஒன்று சொன்னார். அதை நான் எழுதவில்லை; அவராகவே சொன்னார்:

“முப்பது வருஷத்துல, இவன் இனிமே வளரமாட்டான்னு நான் யாருக்கும் தச்சதில்லே மாப்ளே.”

குமாஸ்தா தலையை மட்டும் ஆட்டினார். மூச்சைப் பிடித்திருந்தார்.)

5

நேர்காணல் அறை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். குமாஸ்தாவின் இடது கையில் ஃபைல். வலது கை, மரியாதை போலத் தோன்றும்படி வயிற்றின்மேல்.

நடுவில் இருந்த மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “பதினோரு வருஷம் ஒரே சீட்டு. இதுல உங்க வளர்ச்சி என்ன?”

“சுற்றளவுலயா மேடம்?”

ஓர் அதிகாரிக்குப் புரையேறியது. குமாஸ்தாவுக்கு வியர்த்தது. போன நான்கு முறையும் இந்த இடத்தில் மனப்பாடம் செய்த நான்கு பாராக்களை ஒப்பித்திருந்தார். இந்த முறை அதற்கு மூச்சு போதாது. சுருக்கமாகத்தான் பேச முடியும்.

“முன்னாடி தெரியாததையும் தெரியும்னு சொல்வேன் மேடம். ஃபைல் தப்பாப் போகும். இப்போ தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லி, பக்கத்து சீட்டுல கேட்டுக்கறேன். அவ்வளவுதான் வளர்ந்திருக்கேன்.”

சொல்லி முடித்த நிம்மதியில் பெருமூச்சு விட்டார்.

டப்.

ஊக்கு.

மேடம் எழுந்தார். மேசைக்குக் குறுக்கே கை நீட்டினார்.

6

ஆசிரியருக்கு மூன்று முடிவுகள் தயார் செய்தேன்.

(அ) பதவி கிடைக்கிறது, பேண்ட் விழுகிறது.
(ஆ) பேண்ட் நிற்கிறது, பதவி போகிறது.
(இ) இரண்டும்... வேண்டாம், குடும்பப் பத்திரிகை.

நீட்டிய அந்தக் கை, வாழ்த்துவதற்கா, போய் வாருங்கள் என்பதற்கா? ஐந்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அடித்துச் சொல்லியிருப்பேன். இப்போது சொல்கிறேன்: தெரியவில்லை. பக்கத்து சீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் தெரியும். கை கொடுக்க வேண்டுமானால் அவர் பேண்ட்டை விட்டாக வேண்டும்.

ரெண்டு பக்கம் முடிந்தது. கதைக்குள் ரெண்டு இஞ்ச் மடித்துத் தைத்திருக்கிறேன். நூலைப் பிரித்துக்கொள்ளுங்கள். அதுவரை அவர் இப்படியே நிற்கட்டும்.

சீக்கிரம். பாவம், வழுக்குகிறது.