எண்பதடி ரோடு அகலமான வருடம்

தக்காளி கிலோ அறுபது ரூபாயைத் தொட்ட பங்குனி மாதத்தில் செண்பக நகரின் எண்பதடி ரோடு அகலமாகத் தொடங்கியது. தக்காளி சித்திரையில் இறங்கிவிட்டது. ரோடு பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

செண்பக நகர் ஆனையூருக்கு வடக்கே, கட்டம் போட்ட நோட்டுத் தாளைத் தரையில் விரித்துவைத்தது போல அமைந்த ஊர். தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எல்லாத் தெருக்களும் நேராக வந்து எண்பதடி ரோட்டில் முட்டும். அந்த ரோடு கிழமேற்காக ஓடி ஊரை இரண்டாகப் பிரித்தது. பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மதுரைக்குப் போகும் வழி எல்லாம் தென்புறத்தில். வடபுறத்தில் ஏழெட்டுத் தெருக்கள், ஒரு பள்ளிவாசல், நாலைந்து கடைகள், அதற்கப்பால் வயலும் கருவேலங்காடும். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததில்லை. ரோட்டைத் தாண்ட ஒரு நிமிஷம் ஆகும், பஸ் வந்தால் இரண்டு நிமிஷம்.

ரோடு அகலமாவதை முதலில் கண்டுபிடித்தவள் ஹாஜரா. தென்புறத்தில் ரோட்டைப் பார்த்த மாடி வீடு அவளுடையது. அவள் மதுரைக் காஜிமார் தெருவில் பிறந்து வளர்ந்தவள். அங்கே எதிர் வீட்டில் ஒருவர் தும்மினால் இந்த வீட்டில் இருப்பவர்கள் துஆ சொல்வார்கள், தெரு அவ்வளவு குறுகல். கணவன் ஆசைப்பட்டு இங்கே வீடு கட்டினான், குடிவந்த மறு வருடமே நெஞ்சுவலியில் போய்விட்டான். அதன் பிறகு பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்து ஒரே மகள் ஆயிஷா சித்திகாவை வளர்த்தாள். ஆயிஷாவுக்குத் திண்டுக்கல்லிலிருந்து வரன் வந்தது, திருச்சியிலிருந்து வந்தது, சென்னையிலிருந்து நல்ல வேலையில் இருப்பவனே வந்தான். எல்லாவற்றையும் ஹாஜரா தூரம் என்று சொல்லித் தட்டிக்கழித்தாள். கடைசியில் நேர் எதிரே, வடபுறத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த தவ்பீக்குக்குக் கட்டிக்கொடுத்தாள். "ரோட்டத் தாண்டுனா மக வீடு, இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். மாடியில் நின்றால் மகள் வீட்டுக் கொடியில் காயும் துணியின் நிறம் தெரியும். அந்த ஒரு வருடம் அவள் நன்றாகத் தூங்கினாள்.

பங்குனியில் ஒருநாள் அவள் அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு எடுத்துப்போன கறிக்குழம்பு, மகள் வீட்டில் கேரியரைத் திறந்தபோது ஆறிப்போயிருந்தது. அடுத்த வாரம் மேலே கொழுப்பு உறைந்திருந்தது. சித்திரை பிறந்ததும் ஊசிப்போக ஆரம்பித்தது. அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. காலையில் பால் வாங்கப் போனவர்கள் வெயில் ஏறி வந்தார்கள், பிறகு உச்சிவேளைக்கு வந்தார்கள். எதிர்ப்புறத்து வீடுகள் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்தன. கொடியில் துணி காய்கிறதா என்பதே தெரியவில்லை. பைக்கில் போனவர்களும் நடந்து போனவர்களும் ஒரே நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தார்கள். முறுக்க முறுக்க எதிர்ப்புறம் விலகிப் போகிறது என்று பைக் ஓட்டியவர்கள் சொன்னார்கள். வடபுறத்திலிருந்து வாடிப்பட்டி வழியாகச் சுற்றி வந்து பார்த்தவர்கள், அத்தனை தூரம் போய்விட்டு, கடைசியில் அதே வடபுறத்து ஓரத்திலேயே வந்து நின்றார்கள். புகார் கொடுத்ததில் டேப்போடு மூன்று பேர் அளக்க வந்தார்கள். டேப் எண்பதடிதான் காட்டியது. கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டைச் சாயங்காலம் சாப்பிட்டார்கள்.

ஹாஜராவின் பக்கத்து வீட்டுக்காரர் சௌரிராஜன், சாயப்பட்டறைக் கணக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒருநாள் காலை காப்பிப் பொடி அரைத்து வாங்க வடபுறத்துக்குப் போனார். போகும்போது நன்றாகத்தான் போனார். திரும்ப ரோட்டோரத்தில் வந்து நின்று பார்த்ததும் கால் வரவில்லை. சர்க்கரை உடம்பு, பாதி ரோட்டில் மயக்கம் வந்தால் யார் தூக்குவது என்ற பயம் பிடித்துக்கொண்டது. தவ்பீக் அவரைக் கூட்டிக்கொண்டு போய் மாடியறையில் தங்கவைத்தான். அவருடைய மனைவி பத்மாசினி பிரசவ வார்டில் ஆயுள் முழுக்க நர்சாக இருந்தவள். தினமும் காலையில் போனில் அவரைச் சௌராஷ்டிர மொழியில் திட்டினாள், மாத்திரையை அந்தப் பக்கம் போகும் மோர்க்காரரிடம் கொடுத்து அனுப்பினாள்.

ஹாஜராவின் கவலை வேறு. ஆயிஷாவுக்கு ஒன்பதாம் மாதம். ஏழாம் மாதமே கூட்டிவந்திருக்க வேண்டும். எதிர் வீடுதானே, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று விட்டுவிட்டாள். ரோடு அகலமான பிறகு டாக்டர் போனிலேயே, இவ்வளவு தூரம் நடக்கவும் வேண்டாம், வண்டியில் குலுங்கவும் வேண்டாம், வலி வரட்டும் பார்க்கலாம் என்றார். மகளின் குரல் போனில் காதுக்குள் இருப்பது போலத் தெளிவாகக் கேட்டது. அதுதான் ஹாஜராவைப் பாடாய்ப் படுத்தியது. குரல் இங்கே இருக்கிறது, பிள்ளை கண்ணுக்கெட்டாத இடத்தில் இருக்கிறது. தைக்கிற துணியில் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். மாடிக்கு ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள்.

வைகாசியில் ஒரு நாள் விடிந்து பால் வருவதற்குள் ஆயிஷா கூப்பிட்டாள். "அம்மா, பனிக்குடம் ஒடஞ்சிருச்சும்மா. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருக்கே."

"பதறாத தங்கம். மாப்ள எங்க?"

"லோடு ஆட்டோவுல மெத்தையப் போட்டுக்கிட்டு இருக்காக. சௌரி சார் தண்ணி கேன் ஏத்துறாரு. நாங்க கெளம்பி வாரோம், நீயும் வாம்மா. பாதியிலயாச்சும் உன்னயப் பாக்கணும்."

ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள், அது வந்து சேர நேரமாகும் என்றார்கள். ஹாஜரா காத்திருக்கவில்லை. அவள் கேட்டைத் திறந்தபோது பத்மாசினி ஏற்கனவே தெருவில் நின்றாள். தோளில் ஒரு பை, அதில் கையுறையும் கத்தரிக்கோலும் நூலும் துவைத்து மடித்த துணிகளும் இருந்தன. இரண்டு பெண்களும் ரோட்டில் இறங்கினார்கள்.

ஓரத்தில் இருந்தவரை பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போயின. உள்ளே போகப் போக வண்டிகள் குறைந்தன, பிறகு தாரைத் தவிர ஒன்றுமில்லை. தொலைவில் எப்போதாவது ஒரு டவுன் பஸ் கப்பல் போல ஊர்ந்தது. வெயில் ஏறியதும் தார் இளகிச் செருப்பைப் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் தென்புறத்து வீடுகள் சிறுத்துவிட்டன, முன்னால் பார்த்தால் வடபுறம் பெரிதாகவில்லை. ஹாஜரா ஓட ஆரம்பித்தாள்.

"ஓடாத ஹாஜரா. ஓடுனா தூரம் கூடும், உனக்குத் தெரியாதா?" என்று பத்மாசினி கையைப் பிடித்து இழுத்தாள்.

"நிக்க முடியலக்கா. மெட்ராசுக்குக் கட்டிக் குடுத்திருந்தாக்கூட ராத்திரி ரயிலேறி விடியறப்ப போய் எறங்கிருவேன். கூப்புட்ட சத்தத்துக்கு வரணும்னுதேன் எதுத்த வீட்ல குடுத்தேன். இப்ப பாருங்க."

"நீ மகளத்தேன் அனுப்புன. என் வீட்டு மனுசன் காப்பிப் பொடி வாங்கப் போயி, சித்திரத் திருவிழா முடிஞ்சு வைகாசியே வந்துருச்சு. அழகர் கூட ஆத்துல எறங்கிட்டு மலைக்குப் போயிட்டாரு. நட, பேசாம நட."

போன் அடித்தது. தவ்பீக். "மாமி, வலி நெருக்கிருச்சு. ஒரு வலிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எடவெளியே இல்ல. நான் நடுக்கோட்டுக்கு வந்துட்டேன், இதுக்கு மேல வண்டிய ஓட்ட வேணாங்குறா."

பத்மாசினி போனைப் பிடுங்கினாள். "அங்கயே நிறுத்து தம்பி. எஞ்சின ஆஃப் பண்ணு. அவள எடதுபக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வை. முக்கச் சொல்லாத. நாங்க வாரோம்."

நடுக்கோடு வெள்ளையாகத் தெரிந்தபோது சூரியன் உச்சிக்கு வந்திருந்தது. லோடு ஆட்டோவின் நிழலில் மெத்தை, அதில் ஆயிஷா. சௌரிராஜன் தன் வேட்டியை அவிழ்த்து ஆட்டோவின் கம்பியில் திரைபோலக் கட்டிவிட்டு, டிராயரோடு முதுகைக் காட்டி நின்று அழுதுகொண்டிருந்தார். ஹாஜரா மகளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆயிஷா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் இரண்டு கண்ணாடி வளையல்கள் உடைந்தன. எந்தத் திசையிலும் வீடு இல்லை, மரம் இல்லை, வானமும் தாரும் மட்டும்.

பெண் குழந்தை பிறந்தது. நீலமாக இருந்தது, அழவில்லை. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. பத்மாசினி விரலை விட்டுக் கொடியை விலக்கினாள், வாயைத் துடைத்தாள், பாதத்தில் தட்டினாள். மறுபடி தட்டினாள். ஆயிஷா, "ஏன் சத்தமே இல்ல, ஏம்மா சத்தமே இல்ல" என்று கேட்டாள். ஹாஜராவுக்குத் தெரிந்த துஆவெல்லாம் மறந்துவிட்டது, "யா அல்லாஹ்" என்பது மட்டும்தான் வந்தது. தவ்பீக் தாரின் மேல் முழங்காலிட்டு உட்கார்ந்தான், கால் சுட்டது அவனுக்கு உறைக்கவில்லை. எங்கோ தூரத்தில் ஆம்புலன்சின் ஊளை வருவதும் தேய்வதுமாக இருந்தது. பத்மாசினி குழந்தையின் வாயில் தன் வாயை வைத்து மெல்ல ஊதினாள். நிறுத்திப் பார்த்தாள். ஊதினாள். அப்போது குழந்தை இருமியது, பிறகு அந்த அகலம் முழுவதற்கும் கேட்கும்படி கத்தியது.

பத்மாசினி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "பொடி எங்க?" என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

ஆம்புலன்ஸ் ஒருவழியாக வந்து, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, பொழுது சாயத் தென்புறம் சேர்த்தது. தாயும் பிள்ளையும் நலம் என்றார்கள். ஃபாயிஸா என்று பெயர் வைத்தார்கள். நாற்பது நாள் கழிந்ததும் ஆயிஷா வடபுறம் திரும்பினாள், கடையும் புருஷனும் அங்கேதானே. ஹாஜரா தடுக்கவில்லை, ஆனால் அன்று ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்துத் தைத்துவிட்டாள்.

அதன் பின் வருடங்கள் போயின. நடுக்கோட்டில் ஒரு டீக்கடை வந்தது, பிறகு ஓட்டுக்கொட்டகை போட்ட ஓட்டல், பிறகு தொழ ஒரு பாயும் கும்பிட ஒரு பிள்ளையாரும். இருபுறத்துக்கும் இடையே நடக்கும் கல்யாணங்களை வெளியூர்ச் சம்பந்தம் என்று சொல்லிப் பந்தியில் தனியாகக் கவனித்தார்கள். வடபுறத்துப் பிள்ளைகளுக்கு அங்கேயே ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். சௌரிராஜன் அப்புறம் ரோட்டில் இறங்கவே இல்லை.

ஃபாயிஸாவுக்கு மூன்று வயது நடக்கும்போது, ஒரு காலை, வடபுறத்து ஓரத்தில் ஆயிஷாவின் கையை உதறிக்கொண்டு ரோட்டில் ஓடினாள். ஆயிஷா அலறினாள். அந்த அலறல் முடிவதற்குள், தென்புறத்தில் மிஷினில் உட்கார்ந்திருந்த ஹாஜராவின் வாசலில் குழந்தை நின்றது, மூச்சுக்கூட வாங்கவில்லை. நடு ரோட்டில் பிறந்ததாலோ என்னவோ, அவளுக்கு ரோடு எண்பதடியாகவே இருந்தது. தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். இரண்டிலும் ஒரு பகல் முழுதும் ஆனது. தனியாக விட்டால் மட்டும் அவள் ஒரு நிமிஷத்தில் அக்கரையில் இருந்தாள். ஆனால் அவள் தாண்டும் எண்பதடி ரோட்டில் எல்லா பஸ்ஸும் எல்லா லாரியும் அந்த எண்பதடிக்குள்தான் போகும். அதை நினைத்து ஹாஜராவும் ஆயிஷாவும் ஒரு வருடம் அவளை ரோட்டுப் பக்கமே விடவில்லை. குழந்தை தென்புறத்தைப் பார்த்துப் பார்த்து அழுதது, சாப்பிட மறுத்தது.

இப்போது வெள்ளிக்கிழமை காலைகளில் விடுகிறார்கள். ஆயிஷா ஓரத்தில் நின்று வலப்பக்கம் பார்க்கிறாள், இடப்பக்கம் பார்க்கிறாள், மறுபடி வலப்பக்கம் பார்க்கிறாள். ஹாஜரா தன் பக்கத்து ஓரத்தில் நிற்கிறாள், போன் காதில் இருக்கிறது.

"விட்டுட்டேம்மா."

ஹாஜரா மூச்சு விடுவதில்லை. ஹாரன் சத்தம், பஸ்ஸின் காற்று, தூசி.

"வந்துட்டா."

அந்தப் பக்கத்தில் ஆயிஷா குடையை விரித்து, தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரே நாளில் இரண்டாவது தடவை தனியாக விட மனம் வராமல், குழந்தையைத் திரும்பக் கூட்டிவர ரோட்டில் இறங்குகிறாள். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்குள் வந்து சேர்ந்துவிடுவாள்.