பதினோரு எட்டு

போலீஸ் நிலையத்தில் சார்ஜென்ட் கோல், செத்துப்போன டெஸ்ஸின் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைக்க, ரோண்டா ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, வியர்வைக் கறை படிந்த தொப்பி. முப்பத்தெட்டு வருஷம் கூடவே வாழ்ந்த மனிதர் ஒரு பிளாஸ்டிக் தட்டுக்குள் அடங்கிவிட்டார். கடைசியாக கோல் அந்தப் பச்சைத் தண்ணீர்க் கேனைத் தூக்கி வைத்தார். உள்ளே தண்ணீர் தளும்பியது.

"இன்னும் பாதிக்கு மேல இருக்கு," என்றார் கோல். "தாகத்துல போகலை ரோண்டா. சூட்டுல போயிட்டாரு. நாப்பத்தி நாலு டிகிரில நடந்தா, குடிச்சுக்கிட்டே நடந்தாலும் உடம்பு தாங்காது."

அவள் தலையாட்டினாள். கேனுக்கும் ஒரு கையெழுத்துப் போட்டாள்.

வெயில் கொளுத்தும் அக்டோபரில் யாரும் ஆஸ்திரேலியாவின் வடமேற்கிலிருக்கும் இந்தக் கிம்பர்லிக் காட்டுக்குள் வருவதில்லை. செப்டம்பரோடு எல்லாச் சுற்றுலா வண்டிகளும் தெற்கே திரும்பிவிடும். டெஸ்தான் கேட்கவில்லை. "கூட்டம் போனப்புறம் போனாத்தான்டி காடு நம்மளுது," என்றார். அவர் ஒன்று நினைத்துவிட்டால் பிறகு ஆண்டவனே இறங்கி வந்தாலும் மாற்ற முடியாது. பெரிய பாதையை விட்டு விலகி நாற்பது கிலோமீட்டர் உள்ளே, வறண்ட ஓடை மணலில் வண்டியின் பின் அச்சு முறிந்தது. இருந்த இரண்டு கேன்களில் ஒன்று ஏற்கெனவே வழியின் குலுக்கலில் விரிசல் விட்டு, ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லாமல் ஒழுகியிருந்தது. உதவி கேட்டுப் பேசும் வண்டி ரேடியோவில் இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை.

வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது இந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வண்டியை வானத்திலிருந்து பார்த்துவிடலாம்; ஆளைப் பார்க்க முடியாது. அன்று சாயங்காலம் அவளும் அதைச் சொன்னாள். டெஸ்ஸும் ஒப்புக்கொண்டார். "சரிடி. ரெண்டு பேரும் இங்கயே குந்தியிருப்போம். எவனாவது வருவான்."

விடியும்போது அவள் கண்விழித்தாள். பக்கத்து இருக்கையில் ஆள் இல்லை. தண்ணீர் இருந்த கேனும் இல்லை.

இரண்டு நாள் அவள் வண்டிக்கு அடியில் கிடந்தாள். ஐஸ் பெட்டியில் உருகிக் கிடந்த தண்ணீரைக் குடித்தாள். அதில் இறைச்சிப் பொட்டலத்தின் ரத்தம் கலந்திருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மூடி மூடியாகக் குடித்தாள். பண்ணை மாடுகளைத் தேடிப் பறந்து வந்த ஹெலிகாப்டர்காரன் வண்டிக் கூரையைப் பார்த்து இறங்கினான். அவன் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி இருந்துச்சா?"

"இருந்துச்சு. அவரு எனக்கு விட்டுட்டுப் போனாரு."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கட்டினவன் இப்படிப் பண்ணினான் என்று ஒரு அந்நியனிடம் சொல்ல நாக்குக் கூசியது. அந்த ஒரு பொய் அவளுக்கு முன்னால் ஊருக்குள் போய்ச் சேர்ந்து, நர்ஸ், கடைக்காரர், கடைசியில் பெர்த் நகரத்திலிருந்து பறந்து வந்த மகன் ப்ரெட் வரை எல்லோரையும் அழவைத்துவிட்டது.

நிலையத்து வாசலில் போலீஸ் வண்டியின் பின்பலகையில் டெல்மா தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். காலடித் தடம் பார்த்துப் போலீசுக்கு ஆள் தேடிக் கொடுக்கிற பூர்வகுடிப் பெண். இந்த மண் அவள் ஆட்களின் மண். டெஸ்ஸை ஆறு கிலோமீட்டர் தொடர்ந்து போய்க் கண்டுபிடித்தவள் அவள்தான். செத்தவர் பெயரைச் சொல்வது அவர்கள் வழக்கமில்லை. 'அந்த மனுஷன்' என்றே சொன்னாள்.

"உக்காருங்க அக்கா. பலகை சுடும், பாத்து."

ரோண்டா உட்கார்ந்தாள். "இருட்டுல தெரியாம எடுத்திருப்பாரு, இல்ல? இன்னொரு கேன் நல்லா இருக்குன்னு நெனச்சு."

டெல்மா தேநீரை ஒரு மிடறு குடித்தாள். வண்டியைச் சுற்றியிருந்த மண்ணையும் அவள் பார்த்தவள். விரிசல் விட்ட கேனையும் ஐஸ் பெட்டியையும் திறந்து பார்த்தவள்.

"உனக்குத் தெரியும்," என்றாள் ரோண்டா.

"கேக்கத்தான் வேணுமா அக்கா?"

"கேக்கணும்."

"அந்த மனுஷன் வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாரு. அந்தத் தடம் தப்பவே தப்பாது. ஓடைக் கரை ஏறினதும் கேனைக் கீழ வெச்சிருக்காரு. மண்ணுல சதுரமா பதிஞ்சிருந்துச்சு. அங்கேருந்து வண்டியைப் பாத்துத் திரும்பி நடந்திருக்காரு. சுமையில்லாத கால், தடம் லேசா இருந்துச்சு. பதினோரு எட்டு."

"அப்புறம்?"

"நின்னிருக்காரு. ரொம்ப நேரம். குதிகால் ரெண்டும் நல்லா அழுந்தியிருந்துச்சு. அப்புறம் திரும்பிப் போய்க் கேனைத் தூக்கிட்டாரு. அதுக்கப்புறம் எங்கயும் நிக்கலை."

"அது எவ்வளவு தூரம், வண்டியிலேருந்து?"

டெல்மா கோப்பைக்குள் பார்த்தாள். "நீங்க கூப்பிட்டிருந்தா கேக்கற தூரம்."

நிற்காமல் ஓடியிருந்தால் பயந்துவிட்டான் என்று விட்டுவிடலாம். பயந்தவனை மன்னிக்க ரோண்டாவுக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ மன்னித்திருக்கிறாள். ஆனால் இவன் நின்றிருக்கிறான். நின்று, தூங்குகிற அவளை ஒரு பக்கமும் கேனை ஒரு பக்கமும் வைத்து யோசித்திருக்கிறான்.

"சார்ஜென்ட்கிட்ட சொன்னியா?"

"எங்க கிடந்தாருன்னு கேட்டாரு, சொன்னேன். இதை அவரு கேக்கலை."

ப்ரெட் வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது. கையில் போன்.

"பேப்பர்ல போடற இரங்கல் விளம்பரம் எழுதிட்டேன்மா. படிக்கறேன், கேளு. 'மனைவிக்குத் தண்ணீரை விட்டுவிட்டு, அவளைக் காப்பாற்ற உதவி தேடி நடந்தவர். தன் உயிரைக் கொடுத்து...'" அவன் போனிலிருந்து நிமிர்ந்தான். "நல்லாருக்காம்மா?"

அவள் மகனின் முகத்தைப் பார்த்தாள். அப்பனின் அதே தாடை.

"கல்லறைக் கல்லுக்கும் சொல்லணும்," என்றான் அவன். "உங்க ரெண்டு பேருக்கும்னு அப்பா முன்னமே வாங்கின இடம்தானே. அகலமான கல்லா போட்டு, உன் பேருக்கு இடம் விட்டுரச் சொல்லவா?"

"வேணாம். ஒத்தைக் கல்லு போதும்."

"இப்ப இல்லம்மா, பின்னாடி உனக்கு..."

"பக்கத்து இடத்தை யாருக்காவது குடுத்துரு."

ப்ரெட் அவளைப் பார்த்தான். பிறகு டெல்மாவை. டெல்மா மிச்சத் தேநீரை மண்ணில் ஊற்றிவிட்டு, எழுந்து வண்டியின் முன்பக்கம் போனாள்.

"அப்போ இது?" போனைக் காட்டிக் கேட்டான். குரல் மெல்ல வந்தது.

"நீ எழுதினதுதானே. அனுப்பறதுன்னா அனுப்பு."

அவன் கட்டைவிரல் திரைக்கு மேலே அப்படியே நின்றது.