கார்னிவல் இரண்டு நாளுக்கும் கட்டணம் உண்டு

1

இந்தக் கதை எங்கள் தீவின் அரூகா சந்திப்பில், ரொட்டியில் கொண்டைக்கடலையை மடித்துக் கொடுக்கும் டபிள்ஸ் வண்டியின் முன்னால் எனக்குக் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள், டே கேர் மூடியிருக்கிற நாளுக்கும் பெற்றோர் காசு கட்ட வேண்டுமா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கட்டுகிறவள், மற்றவள் வாங்குகிறவள். வண்டிக்காரன் கடலைக் கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, "நான் ஒரு நாள் வண்டி போடலேன்னா எவன் வந்து காசு குடுத்துட்டுப் போறான்?" என்று நுழைந்தான். அதுவரை எதிரிகளாக இருந்தவர்கள் ஒன்றாகத் திரும்பினார்கள். "நீ கடலையக் கிண்டு."

நான் மென்றுகொண்டே இரண்டு பேர் சொன்னதற்கும் தலையாட்டினேன். அப்படித் தலையாட்டியதன் விளைவுதான் நீங்கள் படிப்பது.

கரும்பு வெட்டிய வீட்டுப் பிள்ளை நான். மழை வந்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. சம்பளத்தோடு விடுமுறை என்று ஒன்று உண்டு என முதலில் கேள்விப்பட்டபோது, சொன்னவன் அளக்கிறான் என்றே நினைத்தேன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல்தான் எழுதத் தொடங்குகிறேன்.

2

முதல் தொடக்கம்: "கார்னிவல் திங்களின் விடியலில் தீவே ஒரு பெரிய இதயமாகத் துடித்தது, அதன் நாளங்களில்" – அடித்துவிட்டேன். விமான நிலையத்தில் ஒட்டுகிற சுவரொட்டிக்கு ஆகும்.

இரண்டாம் தொடக்கம்: "தாய்மை என்பது" – இதற்கு மேல் எழுதினால் நீங்களே என்னை அடித்துவிடுவீர்கள்.

மூன்றாவது: "ஜிசேல் கயிறு பிடிக்கிறவள்." இது நிற்கட்டும்.

மற்ற நாட்களில் அவள் ஒரு மருந்துக் கிடங்கின் காவலாளி. ஊரே தெருவில் ஆடிக்கொண்டு போகிற கார்னிவல் இரண்டு நாளும் காவல் கம்பெனி அவளை ஆட்டக் குழுவோடு அனுப்பும். காசு கட்டி, இறகு உடை வாங்கி ஆடுகிறவர்கள் கயிற்றுக்கு உள்ளே. ஓசியில் புகுந்து ஆடப் பார்க்கிறவர்கள் வெளியே. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜிசேல். தினக்கூலி. மூன்று வயதில் ஜேடா என்று ஒரு மகள்.

[குழந்தையின் அப்பா எங்கே என்று கேட்பீர்கள். கதைக்குள் கூப்பிட்டுப் பார்த்தேன். போனையே எடுக்கவில்லை.]

3

வெள்ளிக்கிழமை மாலை. ஒடெட் தன் வீட்டின் முன்பாதியில்தான் காப்பகம் நடத்துகிறாள். ஐம்பதைத் தாண்டியவள்; கேட்டில் கைவைத்து நிற்கிறாள். பின்னால், அவளிடம் வேலை பார்க்கும் ஷனெல் என்ற பெண் தரையில் கிடக்கும் பொம்மைகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஜிசேல் மகளைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள்.

"திங்கள், செவ்வாய் மூடல் கண்ணு. புதன்கிழமை வரும்போது முழு வாரத்துக் காசையும் கொண்டாந்துடு."

"மூணு நாளுக்குத்தானே ஆன்ட்டி?"

"முழு வாரத்துக்கு. பலகையப் படி."

பலகையில், அரசு விடுமுறைக்கும் கட்டணம் உண்டு என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற ஆட்டுக்குட்டி ஒன்றை வரைந்திருந்தது.

"கார்னிவல் அரசு லீவே கெடையாது ஆன்ட்டி. காலண்டர எடுத்துப் பாருங்க."*

"அப்படியா? சரி, லீவு இல்ல. தொறந்து வெக்கறேன், கொண்டாந்து விடு. வேற எந்தப் புள்ள வரும்? ஊர்ல ஒரு கடை தொறந்திருக்குமா? நானும் உம் பொண்ணும் அந்த ஆட்டுக்குட்டியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்."

"நீங்க எங்க உக்காரப் போறீங்க. உங்க இறகு டிரெஸ் வந்தாச்சுன்னு ஊருக்கே தெரியும்."

"வந்துச்சு. ஏன், வரக்கூடாதா? வருஷம் பூரா உங்க புள்ளைங்களுக்குக் கால் கழுவி விடறேன். ரெண்டு நாள் இடுப்ப ஆட்டினா ஒனக்கு எங்க வலிக்குது?"

"ஆட்டுங்க. ஏங் காசுல ஏன் ஆட்டறீங்க? வேல செய்யாத நாளைக்கு எனக்கு எவனும் கூலி குடுக்கறதில்ல."

"அத ஒன் மொதலாளிகிட்டப் போய்க் கேளுடி. அவன் ஒனக்குக் குடுக்கலேங்கறதுக்காக நீ எனக்குக் குடுக்க மாட்டியா? லீவு நாள் சம்பளம் வேல செய்யறவளோட உரிமை. நானும் வேலக்காரிதான்."

ஜிசேல் பலகையை மறுபடி படித்தாள்.

"இஷ்டமில்லேன்னா சொல்லிடு. அந்த இடத்துக்கு ஆள் காத்துக்கிட்டு நிக்குது."

இதுதான் சிக்கல். அரூகாவில் விடிவதற்கு முன் கதவு திறக்கிற காப்பகம் ஒடெட்டினுடையது மட்டும். ஜேடாவின் இடம் போனால் கிடங்கின் காலை ஷிப்ட் போகும். ஷிப்ட் போனால் ஜிசேல் வீட்டு அடுப்பு அணையும்.

* அவள் சொன்னது சரி. இந்த நாட்டில் எல்லாக் கடவுளுக்கும் லீவு உண்டு. ஊரே அடைத்துக்கொண்டு தெருவுக்கு வருகிற அந்த இரண்டு நாளுக்கு மட்டும் சட்டத்தில் லீவு கிடையாது. கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். சட்டத்தைப் பொறுத்தவரை அது ஒரு திங்கள், ஒரு செவ்வாய்.

4

முதல் பிரதியில் ஒடெட்டைக் கெட்டவளாகத்தான் எழுதினேன். தங்கப் பல் ஒன்றும், குழந்தைகளின் பிஸ்கட்டைத் திருடித் தின்கிற பழக்கமும் கொடுத்திருந்தேன். ஆனால் அந்த உரிமை வசனத்தைப் பேசிவிட்டு அவள் என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். பதில் சொல்லத் தெரியாத கேள்வியைக் கேட்பவளை எப்படிக் கெட்டவளாக்குவது? தங்கப் பல்லைப் பிடுங்கிவிட்டேன். பிஸ்கட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பிறகு ஜிசேலைச் சந்தேகித்தேன். தனக்கு ஒருவன் கொடுக்காததைத் தான் இன்னொருத்திக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். இது நியாயமா, பொறாமையா? என் அப்பாவும் இப்படித்தான் தபால்காரரை ஏசுவார், அவருக்கு லீவில் சம்பளம் என்பதற்காக. கரும்புத் தோட்டத்து முதலாளியை ஏசி நான் கேட்டதில்லை. முதலாளி தூரத்தில் இருந்தார். தபால்காரர் வாசலுக்கே வந்தார்.

[கட்டுரையாகிவிட்டது. கதைக்குத் திரும்புகிறேன்.]

5

திங்கள் விடியற்காலை. ஜிசேல் மகளைத் தூக்கிக்கொண்டு போய் நின்றது ஷனெல் வீட்டு வாசலில். ஆம், ஒடெட்டிடம் வேலை பார்க்கிற அதே ஷனெல். பாயில் ஏற்கெனவே நாலைந்து குழந்தைகள். எல்லாம் ஒடெட் காப்பகத்துப் பிள்ளைகள். போலீஸ்காரரின் மகன், ஆஸ்பத்திரி ஆயாவின் பேத்தி, தெருக் கூட்டுகிறவளின் இரட்டையர். மற்றவர்கள் ஆடுகிற நாளில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்.

"அக்கா, ஆன்ட்டி காதுல மட்டும் போட்டுடாதீங்க," என்றாள் ஷனெல், காசை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டே. "காப்பகத்துப் புள்ளைங்கள நான் தனியாப் பாக்கறது தெரிஞ்சா அன்னிக்கே சீட்டுக் கிழிஞ்சுடும்."

"அவ்வளவு பயந்துக்கிட்டு ஏன் பாக்கறே? சம்பளத்தோட ரெண்டு நாள் லீவு. நீயும் போய் ஆடலாம்ல?"

ஷனெல் சிரித்த சிரிப்பில் ஒரு குழந்தை விழித்துக்கொண்டது.

"சம்பளமா? எனக்கா? ஆன்ட்டி மூடினா எனக்கும் மூடல். வேல இல்லேன்னா கூலி இல்ல, அவங்க வாயாலயே சொன்னாங்க. எல்லாம் அந்தப் பலகையில சிரிக்கிற ஆட்டுக்குட்டிக்குத்தான் போகுது."

நான் இங்கே பிரதியை மூடிவைத்துவிட்டேன். தங்கப் பல்லை மறுபடி ஒட்டலாமா என்று யோசித்தேன். உங்களுக்கும் அந்த ஆசை வந்திருக்கும். பொறுங்கள்.

6

செவ்வாய் மத்தியானம், தலைநகரத்தின் ஏரியபிட்டா அவென்யூ. தார் உருகுகிற வெயில். பாட்டு லாரி நெஞ்சுக்கூட்டைக் குலுக்கிக்கொண்டு நகர்ந்தது. ஜிசேல் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துப் பின்பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். அப்போது கயிற்றுக்கு உள்ளிருந்து, மஞ்சள் இறகும் மினுக்குமாக ஒடெட் வந்து எதிரில் நின்றாள். முழு வாரக் கட்டணம் நேரில் வந்து ஆடுவது போலிருந்தது ஜிசேலுக்கு.

"அடியே, நீ இந்தக் குழுவுக்கா கயிறு பிடிக்கறே? ஜேடா எங்க?"

"எங்கம்மாகிட்ட."

"ஒங்கம்மா கடல் தாண்டி டொபேகோல இல்ல இருக்காங்க?"

"வந்திருக்காங்க."

"முட்டி வலி, எந்திரிக்கவே முடியலேன்னியே?"

"கார்னிவல்னா முட்டிகூடக் கேக்குது ஆன்ட்டி."

ஒடெட் அவள் முகத்தில் வழிகிற வியர்வையைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போனாள். போனவள் குழுவின் குடிவண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒரு கோப்பை வாங்கிவந்தாள். ஜிசேல் கையை விட முடியாதே. ஒடெட் தானே கோப்பையை அவள் வாயில் வைத்து, காப்பகத்தில் பிள்ளைகளுக்குச் செய்வது போல மோவாயைத் தாங்கிக் குடிக்கவைத்தாள்.

"மெதுவா. பொரை ஏறிடப்போவுது."

இந்தத் தண்ணீரை நான் எழுதத் திட்டமிடவில்லை. அவளாகப் போய் வாங்கிவந்துவிட்டாள். தங்கப் பல் இனி ஒட்டாது.

7

முடிவுகள். கையில் இருப்பதை எல்லாம் கடை விரிக்கிறேன்.

(அ) அந்தத் தண்ணீரைக் குடித்த கையோடு ஜிசேல் கயிற்றை விடுகிறாள். கூட்டம் உள்ளே புகுகிறது. காசு கட்டியவர், கட்டாதவர் வித்தியாசம் அழிகிறது, எல்லோரும் ஒன்றாக – நிறுத்துகிறேன். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் தினக்கூலிக்கு நிற்கிறவள் கயிற்றை விடமாட்டாள். விட்டால் அன்றைய கூலி அங்கேயே போகும். இப்படி முடிவு எழுதுகிறவர்கள் கயிறு பிடித்ததில்லை.

(ஆ) புதன்கிழமை ஜிசேல் முழுக் காசையும் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறாள். ஒடெட்டுக்கும் ஷனெலுக்கும் சேர்த்து இரண்டு முறை கட்டினாள் என்று கணக்கு முடிகிறது. நிஜத்தில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.

(இ) கேட்டிலேயே கேட்டுவிடுகிறாள். "வேலக்காரி உரிமைன்னீங்களே, ஷனெலும் வேலக்காரிதானே?" ஒடெட் வெட்கித் தலைகுனிந்து – குனியமாட்டாள். "ஒனக்கு யார் சொன்னா?" என்றுதான் முதலில் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பிறகு வேலை போவது ஷனெலுக்கு.

(ஈ) காவல் கம்பெனி முதலாளி கேட்டுக்கு வந்து, "விடுமுறைக் கூலி கொடுக்க வேண்டியவன் நான்தான்" என்று மூன்று பேருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறார். இதையும் எழுதிப் பார்த்தேன். அவருக்கு அரூகாவுக்கு வழி தெரியவில்லை.

8

ஆகவே புதன் காலையை இருக்கிறபடி உங்கள் முன் வைக்கிறேன்.

கேட் திறந்திருக்கிறது. ஒடெட்டின் கழுத்தில் மினுக்குத் துகள் இன்னும் போகவில்லை. கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் வெறுங்காலோடு நிற்கிறாள். உள்ளே ஷனெல் மேசை துடைக்கிறாள். ஒரே இடத்தை வெகுநேரமாகத் துடைக்கிறாள். ஜிசேலின் வலது பையில் மூன்று நாள் காசு. இடது பையில் மீதி இரண்டு நாள் காசு. எந்தக் கையை எங்கே விடுவது என்று அவளுக்கே தெரியாது.

"கொண்டாந்தியா கண்ணு?"

ஜேடா அம்மாவின் கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடி, ஷனெலின் காலைக் கட்டிக்கொள்கிறாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாக. ஒடெட் திரும்பிப் பார்க்கிறாள். குனிந்து, குழந்தையின் சட்டைக் காலரைச் சரிசெய்கிறாள்.

"செல்லம், நேத்து பூரா எங்க இருந்தே? என்ன சாப்ட்டே?"

ஷனெலின் கைத்துணி நின்றுவிட்டது.

வாசகரே, இனி நீங்கள். யாரை வேண்டுமானாலும் பேசவையுங்கள், யார் வாயை வேண்டுமானாலும் அடையுங்கள். ஒன்று மட்டும் நான் பலமுறை எழுதிப் பார்த்துத் தெரிந்துகொண்டது: எப்படி முடித்தாலும், அந்த இரண்டு நாள் கூலி இந்த மூன்று பெண்களில் ஒருத்தியின் கையிலிருந்துதான் போகிறது. எந்த ஒருத்தி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இடம் விட்டிருக்கிறேன், பெயரை நீங்கள் நிரப்புங்கள்.

______________

கொஞ்சம் சீக்கிரம். குழந்தை வாயைத் திறந்துவிட்டாள்.