தலைவரின் இடது கண்

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை எனும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் சகாதேவனுக்குத் தன் முகத்தின் மேல் அபார மரியாதை. பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில் சோறு போடும் அன்னதானக் குழுவுக்கு அவர்தான் தலைவர். சாம்பார் சாதத்தில் உப்பு இல்லாமல் போனாலும் போகும், அவர் முகம் போட்ட பேனர் கட்டாமல் அடுப்பு பற்றாது.

அந்த முகத்தில் இடது கண் துருத்திக்கொண்டிருப்பதாக மண்டிக்கு வந்த யாரோ சொல்லித் தொலைத்தார்கள். தினம் பார்க்கிற முகமென்பதால் மனைவி வள்ளிக்கு அதுவரை வித்தியாசம் தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. வேங்கிக்காலில் இருந்த கண் டாக்டர் வினோதினியிடம் அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

ஸ்கேனில், கண்ணுக்குப் பின்னால், குழிக்குள் ஒரு கட்டி. ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராத சங்கதி. பல வருஷமாக வளர்ந்ததென்றால் பெரும்பாலும் சாது ரகம்; சில மாதத்தில் வளர்ந்ததென்றால் உயிருக்கே உலை வைக்கிற ரகமாக இருக்கலாம். ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, பழைய போட்டோக்களைக் காட்டுங்கள் என்றார் டாக்டர்.

போட்டோவுக்கா பஞ்சம்? வருஷாவருஷம் கார்த்திகை தீபத்துக்குப் புதிதாக எடுத்து பேனர் போட்டவராயிற்றே. மற்ற படங்களில் எல்லாம் கூலிங் கிளாஸ் என்பதால் பேனர் படங்களையே செல்போனில் வரிசையாகக் காட்டினார். போன தீபம் வரை இரண்டு கண்ணும் அச்சில் வார்த்தது போல இருந்தன. டாக்டரின் முகம் மாறியது. இது புதிதாக வந்ததுதான் போலிருக்கிறது, உடனே சென்னைக்குப் போங்கள் என்றார். வள்ளி அங்கேயே அழுதுவிட்டாள்.

சகாதேவனுக்கு அந்தப் பயத்திலும் ஒரு கவலை முந்திக்கொண்டு வந்தது. தன்னுடைய கண்ணீர் அஞ்சலி பேனரில் எந்தப் பாவி எந்தப் போட்டோவைப் போடுவானோ? வள்ளியை ஆஸ்பத்திரியிலேயே உட்கார வைத்துவிட்டு, வழக்கமாகத் தனக்கு பேனர் அடித்துத் தரும் முபினின் பிளக்ஸ் கடைக்குப் போய், தானே தனக்கு ஆர்டர் கொடுத்தார்.

விஷயத்தைக் கேட்ட முபின், கேமராவில் எடுத்த கடைசிப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தான்.

"இடது கண்ணை வழக்கம்போல சரி பண்ணிடட்டுமாண்ணா?"

"வழக்கம்போலன்னா?"

முபின் தலையைச் சொறிந்தான். இடது கண் ஜாஸ்தியாகத் துருத்தித் தெரிந்ததால், வலது கண்ணைத்தான் திருப்பி அங்கே ஒட்டிவந்தானாம். ஆறு தீபமாக இதே வேலையாம். சொன்னால் தலைவர் மனசு கஷ்டப்படுமே என்று சொல்லவில்லையாம்.

சகாதேவன் அறையக் கை ஓங்கினார். ஓங்கிய கையாலேயே அவன் சட்டையைப் பிடித்து, திருத்தாத படங்களோடு பைக்கில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் பறந்தார்.

வினோதினி ஒவ்வொரு படமாக நிதானித்துப் பார்த்தார். வருஷத்துக்கு வருஷம் கண் துளித்துளியாக முன்னே வந்திருந்தது.

"ரொம்ப மெதுவா வளர்ந்திருக்கு. ஆபரேஷன் பண்ணி, டெஸ்ட் பண்ணினாதான் உறுதியா சொல்ல முடியும். ஆனா நான் பயந்த ரகம் இது இல்லைன்னு தோணுதுங்க."

"அப்போ ஆறு வருஷமா நான் இவ்ளோ அசிங்கமாவா இருந்தேன், டாக்டர்?"

டாக்டர் தயங்கிவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.

"கேட்டுக்கினியா வள்ளி? ஆறு வருஷமாம்" என்று பெருமையோடு மனைவியிடம் சொல்லிவிட்டு, சகாதேவன் தேம்பித் தேம்பி அழுதார்.